நீரிழிவு மருந்தும் நமது உரிமையும்

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



என்னை அழைத்தவர்கள் நான் அரசியல் பேசுவேன் என்று எண்ணியே அழைத்திருப்பார்கள். அவர்களுக்கு நான் ஏமாற்றம் அளிக்கப்போவதில்லை. ஆனால் நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் தேர்தலுமன்று, தீர்மானமுமன்று. நம்மில் எத்தனையோ பேரின் மடியிலும் கைப்பையிலும் அலுமாரித் தட்டிலும் இருக்கின்ற குளிசைகளைப் பற்றியே பேசப்போகின்றேன். சலரோகம் என்றும், சீனி வருத்தம் என்றும், நீரிழிவு என்றும் நாம் அழைக்கின்ற நோய்க்கு உட்கொள்ளும் மருந்துகளையும், அவற்றைத் தீங்கின்றிப் பயன்படுத்தும் முறையையும் பற்றியதே இவ்வுரை.

"சட்டத்தரணிக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் வைத்தியன் அல்லன். எவருக்கும் மருந்து சொல்லவோ, எவருடைய மருந்தையும் நிறுத்தவோ எனக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒரு வழக்கு என்னை இப்பொருளுக்கு இழுத்து வந்தது. அதைக் கூறிவிட்டே மேலே செல்ல விரும்புகின்றேன்.

ஒரு நாள் என் அலுவலகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். அவருடைய தந்தையார் எழுபது வயதைக் கடந்தவர். காலை பத்து மணியளவில் ஒழுங்கையில் விழுந்து கிடந்திருக்கின்றார். உடல் வியர்த்திருந்தது, வாய் குழறியது, யாரோ எழுப்பியபோது கையை வீசி அடித்தார். வீதியால் போனவர்கள் என்ன நினைத்தார்கள்? "காலையிலேயே குடித்துவிட்டுக் கிடக்கின்றார்" என்று சொல்லி விலகிப் போனார்கள். வாழ்நாள் முழுவதும் கள்ளைத் தொட்டறியாத மனிதர் அவர்! அரை மணி நேரம் கழிந்த பின்னர் அவ்வழியே வந்த தாதி ஒருவர் அடையாளங் கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பினார். இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. நரம்பு வழியாகக் குளுக்கோசு ஏற்றிக் காப்பாற்றினார்கள். அவர் கண் விழித்த பின்பும் உடனே வீட்டுக்கு விடவில்லை. உட்கொண்ட குளிசையின் வேகம் அடங்கும்வரை சீனி மீண்டும் மீண்டும் குறையும் என்பதனால் வைத்தியசாலையிலே வைத்துப் பார்த்தார்கள்.

காரணம் என்ன? அரச கிளினிக்கிலே அவருக்கு ஒரு குளிசை கொடுத்திருந்தார்கள். தனியார் வைத்தியர் ஒருவரும் ஒரு குளிசை எழுதியிருந்தார். உறைகள் வேறு, பெயர்கள் வேறு, நிறங்கள் வேறு. ஆனால் இரண்டினுள்ளும் இருந்த மருந்து ஒன்றே: கிளிக்ளசைட். அவர் நாளொன்றுக்கு இரு மடங்கு மருந்தை உட்கொண்டிருக்கின்றார். அன்று காலை விரத நாளாதலால் உணவும் உண்ணவில்லை.

"யார்மேல் வழக்குப் போடலாம்?" என்று மகன் கேட்டார். நான் ஆராய்ந்தேன். கிளினிக் வைத்தியர் சரியான மருந்தைச் சரியான அளவில் எழுதியிருந்தார். தனியார் வைத்தியர், "வேறு மருந்து எடுக்கின்றீர்களா?" என்று கேட்டிருக்கின்றார், "சீனிக் குளிசை போடுகின்றேன்" என்று பெரியவர் பதில் சொன்னாராம். என்ன குளிசை என்பது அவருக்குத் தெரியாது. கிளினிக் கொப்பியும் கையில் இல்லை. மருந்துக் கடைக்காரர் எழுதியதைக் கொடுத்தார். ஒவ்வொருவராகப் பார்த்தால், நீதிமன்றத்தில் நிறுத்திக் கவனயீனம் என்று எண்பிக்கத்தக்க பெருங்குற்றம் எவரிடத்தும் இல்லை. ஆயினும் ஒரு மனிதர் சாவின் விளிம்புவரை போய் வந்தார். அவருக்கு விளங்கும் மொழியில், "ஐயா, இது இன்ன மருந்து, இதனை உண்டால் உணவைத் தவிர்க்கலாகாது, இதே மருந்து வேறு பெயரிலும் வரும்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த உறையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன்மேல் பேனாவினால் இரண்டு ஆங்கில எழுத்துகள்: "பி. டி." நாளுக்கு இரு தடவை என்பது அதன் பொருள். அது தமிழுமன்று, சிங்களமுமன்று; உண்மையில் ஆங்கிலமுமன்று; இலத்தீன்! தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வாழும் இந்நாட்டிலே, ஒரு கிழவனாரின் உயிர் இலத்தீன் மொழியின் இரண்டெழுத்திலே தொங்கிக்கொண்டிருக்கின்றது. இது அரசியலன்றி வேறென்ன?

அன்பர்களே, இந்நோய் எவ்வளவு பேரைப் பற்றியிருக்கின்றது? 2005 ஆம், 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பெரியதோர் ஆய்வு நடைபெற்றது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு நோயாளர் என்று அது கண்டது. ஆனால் அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில் மாத்திரமே நடந்தது. விடுபட்ட இரண்டும் எவை? வடக்கும் கிழக்கும்! போரைக் காரணமாகக் காட்டி நம்மை எண்ணாமலே விட்டார்கள். ஆய்வாளர்களை நான் குறை கூறவில்லை. குண்டுகளுக்கு நடுவே கணக்கெடுக்க முடியாதுதான். ஆனால், நோயாளரை எண்ணுகின்ற ஏட்டிலேகூட நாம் இடம்பெறாத ஒரு காலம் இருந்தது என்பதை மறவாதீர்கள். எண்ணப்படாதவனுக்கு மருந்து ஒதுக்குவார் யார்?

இனி மருந்துகளுக்கு வருகின்றேன்.

முதலாவது இன்சுலின். நம் வயிற்றினுள் உள்ள கணையம் என்னும் உறுப்புச் சுரக்கின்ற நீர் அது. உணவிலிருந்து இரத்தத்துக்கு வரும் சீனியை உடலின் அணுக்கள் ஏற்றுக்கொள்வதற்குக் கதவைத் திறந்துவிடுவது அதுவே. சிறுவயதில் வரும் நீரிழிவில் இச்சுரப்பு ஏறக்குறைய முற்றாக நின்றுபோகின்றது. 1922 ஆம் ஆண்டுக்கு முன்னர் அத்தகைய பிள்ளைகளுக்கு மரணம் ஒன்றே முடிவு. அவ்வாண்டு சனவரியில், கனடா நாட்டின் ரொறன்ரோ நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது, அவன் பிழைத்தான். அதனைக் கண்டறிந்த பான்ரிங், பெஸ்ற், கொலிப் என்போர் அதன் உரிமையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கொரு டொலருக்குக் கொடுத்தார்கள். கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். உயிர் காக்கும் மருந்து தனியொருவரின் கைக்குள் அடங்கலாகாது என்று கருதியே அவ்வாறு செய்தார்கள். நூறாண்டு கடந்த இன்றும் உலகின் ஏழை நாடுகளில் இன்சுலின் வாங்க இயலாமல் மக்கள் சாகின்றார்கள் என்றால், அந்த ஒரு டொலரின் பொருளை உலகம் இன்னும் உணரவில்லை என்பதே கருத்து.

இரண்டாவது மெற்போர்மின். நடுவயதில் வரும் நீரிழிவுக்குப் பெரும்பாலும் முதலிற் கொடுக்கப்படுவது இதுவே. ஈரல் அளவுக்கு மீறிச் சீனியை வெளிவிடுவதை இது கட்டுப்படுத்துகின்றது. தனியே உட்கொள்ளும்போது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது, விலையும் மலிவு. தொடக்கத்தில் வயிற்றுக் குழப்பம், பேதி என்பன உண்டாகலாம். உணவோடு உட்கொண்டு, சிறிய அளவிலிருந்து படிப்படியாக உயர்த்தினால் பலருக்கு அது தணிந்துவிடும். ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இது நஞ்சாகலாம். இரத்தத்தில் அமிலம் மிகுந்து உயிருக்கே இடர் வரலாம். ஆகவே சிறுநீரகத்தின் செயலை இரத்தப் பரிசோதனையால் ஆண்டுக்கு ஒரு தடவையேனும் அறிந்துகொள்ள வேண்டும். அச்செயல் குறையுமாயின் அளவைக் குறைப்பதும், மிகவும் குறையுமாயின் நிறுத்துவதும் வைத்தியரின் கடமை. நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு உயிர்ச்சத்து பி 12 குறைந்து, கால் விறைப்பும் சோகையும் உண்டாவதும் உண்டு. "நீரிழிவால் வந்த விறைப்பு" என்று ஒதுக்கிவிடாமல் அதையும் பரிசோதிக்குமாறு கேளுங்கள்.

மூன்றாவது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் குளிசைகள். தொல்பியூற்றமைட் என்பது 1956 இலிருந்தே பயன்பட்டு வந்தது. பின்னர் வந்தவை கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட், கிளிமெபிரைட் முதலியன. இவை நல்ல மருந்துகள். ஆனால் உணவைப் பார்த்து வேலை செய்பவை அல்ல. நீங்கள் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அவை கணையத்தைத் தூண்டிக்கொண்டேயிருக்கும். மேற்சொன்ன பெரியவரை வீழ்த்தியது இந்த இயல்பே. இவற்றுள் கிளிபென்கிளமைட் முதியவர்களின் உடலில் நெடுநேரம் தங்கி நின்று ஆபத்தை விளைவிக்கும் தன்மையுடையது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அது ஏற்றதன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உங்கள் வீட்டு முதியவர் அதனை உட்கொள்வாராயின், தாமாக நிறுத்தாமல், "இதற்கு மாற்று உண்டா?" என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.

நான்காவது, அண்மைக் காலத்தில் வந்த எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் முதலியன. இவை சீனியைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்கின்றன என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆயினும் மறைவிடங்களில் பூஞ்சணத் தொற்று வரலாம், நீர்ச்சத்துக் குறையலாம். வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் என்பன வந்து உணவு இறங்காத நாட்களிலும், சத்திர சிகிச்சைக்கு முன்னும் இவற்றை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். நிறுத்தாவிட்டால் இரத்தத்தில் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. அப்போது சீனி அளவு பெரிதாக உயராமலும் இருக்கலாமாதலால், சீனியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த விதியை மருந்தைத் தொடங்கும் நாளிலேயே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே, கருவுற்றிருக்கும் பெண்ணும், கருவுற எண்ணும் பெண்ணும் தாம் உட்கொள்ளும் நீரிழிவு மருந்தை உடனே வைத்தியரிடம் கூற வேண்டும். சில குளிசைகள் அக்காலத்துக்கு ஏற்றவை அல்ல. பலருக்கு இன்சுலினே கொடுக்கப்படும். இன்சுலினுக்கு மாற்றுவது நோய் முற்றிவிட்டதன் அறிகுறியன்று. பிள்ளையைக் காப்பதற்கான ஏற்பாடு. இதை மாமியார்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி இன்சுலின் ஊசியைக் குறித்துச் சில சொற்கள். இதில் நேரும் தவறு சிறிய தவறாக இருப்பதில்லை.

நம் நாட்டு வைத்தியசாலைகளில் வழங்கப்படும் இன்சுலின் போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு உண்டு. அதற்கென 100 அலகுக் கோடிட்ட ஊசி உண்டு. அயல்நாடாகிய இந்தியாவிலோ 40 அலகு இன்சுலினும் அதற்குரிய 40 அலகு ஊசியும் பெருவழக்கில் உள்ளன. இந்தியாவுக்குப் போய் வரும் உறவினர், "மலிவாகக் கிடைத்தது" என்று ஒரு பெட்டி ஊசி கொண்டுவந்து கொடுக்கின்றார். அன்பினாலேதான் கொடுக்கின்றார். ஆனால் நடப்பது என்ன? 20 அலகு போடச் சொன்னவர் அந்த 40 அலகு ஊசியில் 20 என்ற கோடுவரை நம் நாட்டு மருந்தை இழுத்தால், உள்ளே செல்வது 20 அலகு அன்று, 50 அலகு! இரண்டரை மடங்கு! கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த ஊசியில் 20 என்பது அரை மில்லிலீற்றர்; நம் போத்தலில் அரை மில்லிலீற்றருக்கு 50 அலகு. ஆகவே போத்தலின் எண்ணும் ஊசியின் எண்ணும் ஒன்றாயிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வாசிகசாலைக்கு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இந்த எண்களை வாசிக்கத் தெரியும். அந்தப் பிள்ளை தன் பாட்டியின் போத்தலை ஒரு முறை வாசித்துச் சொல்லட்டும்.

திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்தால் கெட்டுவிடும். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடலாகாது. பாவிக்கத் தொடங்கிய போத்தலை வெயில் படாத குளிர்ந்த இடத்தில், பெரும்பாலும் ஏறத்தாழ நான்கு வாரம்வரை வைத்திருக்கலாம். அம்மருந்துக்குரிய சரியான கால எல்லையைக் கேட்டறிந்து, திறந்த திகதியைப் போத்தலின்மேல் எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணல் நிறைத்த மட்பானைக்குள், நீர் புகாத சிறு பாத்திரத்தில் வைப்பது நம்மவர்களுக்கு எளிதான வழி. கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிக் கலக்குங்கள். ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தினால் தோலடியில் கட்டி உண்டாகி மருந்து ஒழுங்காகச் சேராது. இடத்தை மாற்றிக் குத்துங்கள்.

சீனி அளவுக்கு மீறிக் குறைவதன் அடையாளங்களைச் சபையில் உள்ள ஒவ்வொருவரும், நோயில்லாதவர்களும், மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, கடும் பசி, கண் மங்கல், பேச்சுக் குழறல், காரணமற்ற கோபம் என்பனவே அவை. 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் உடனே செயற்பட வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தேறாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தேறிய பின் சோறோ பாணோ உண்ணச் செய்யுங்கள். மயங்கியவரின் வாயில் எதனையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வீதியில் ஒருவர் தள்ளாடினால், "குடிகாரன்" என்று தீர்ப்பளிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, நீங்கள் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கின்றீர்களா?" விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவது நீதிமன்றத்தில் மட்டுமன்று, ஒழுங்கையிலும் குற்றமே.

விரதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கந்தசட்டியும் சிவராத்திரியும் நமக்குப் புனிதமானவை. முஸ்லிம் சகோதரர்களுக்கு றமழான் நோன்பு புனிதமானது. நோன்பை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இன்சுலின் போடுபவரும், கணையத்தைத் தூண்டும் குளிசை உட்கொள்பவரும் விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே வைத்தியரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு விலக்களிக்காத சமயம் எதுவுமில்லை.

நாட்டு மருந்தைப் பற்றியும் ஒரு சொல். பாகற்காயும் கோவைக்காயும் உணவாக நல்லவை. சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியம் கற்றுப் பதிவு பெற்ற வைத்தியர்களை நான் மதிக்கின்றேன். ஆனால் பெயரில்லாத பொட்டலத்தில், "ஏழு நாளில் சீனி பறக்கும்" என்று விற்கப்படும் தூளை நம்பாதீர்கள். 2008 ஆம் ஆண்டு சிங்கப்பூரில், நீரிழிவே இல்லாத நூற்றுக்கு மேற்பட்டோர் சீனி குறைந்து வைத்தியசாலையில் சேர்ந்தார்கள்; நால்வர் மாண்டார்கள். ஆண்மைக்கு என்று களவாக விற்கப்பட்ட மருந்துகளிற் கிளிபென்கிளமைட் கலந்திருந்தமையே காரணம். மூலிகை என்று உறையில் எழுதிவிட்டால் உள்ளே இருப்பது மூலிகை ஆகிவிடாது. அதுபோலவே, மூட்டு நோவுக்கென்று கடையில் வாங்கி நாட்கணக்கில் விழுங்கும் நோக்குளிசைகள் பல சிறுநீரகத்தைக் கெடுப்பவை. நீரிழிவு உள்ளவர் கேளாமல் உட்கொள்ளலாகாது.

இப்போது என் தொழிலுக்குத் திரும்புகின்றேன். இவையெல்லாவற்றையும் மக்கள் அறியச் செய்யும் பொறுப்பு யாருடையது?

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. அதன் கொடுமையை உங்கள் பெற்றோரும் பாட்டன்மாரும் சத்தியாக்கிரகத் திடலில் நின்று எதிர்த்தார்கள். 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. 1988 இன் பதினாறாந் திருத்தம் சிங்களமும் தமிழும் இலங்கை முழுவதும் நிருவாக மொழிகள் என்று விதித்தது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியில் வாழும் தமிழ் மகனும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொண்டு, தமிழிலேயே பதில் பெற உரித்துடையவன் என்று 22 ஆம் உறுப்புரை கூறுகின்றது. மலையகத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய், நகரத்து அரச வைத்தியசாலையில் இன்சுலின் போடும் முறையைத் தன் மொழியில் கேட்டறிய விரும்பினால், அது பிச்சை கேட்பதன்று, உரிமை கேட்பது. அந்த மொழி உரிமை மீறப்பட்டால், ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தில் முறையிட 126 ஆம் உறுப்புரை வழி செய்திருக்கின்றது. ஏட்டிலே தமிழ் இருக்கின்றது. குளிசை உறையிலே இல்லை. ஏட்டுக்கும் உறைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதே இன்று நம் முன்னுள்ள அரசியல்.

இதனைச் சிங்கள மக்களுக்கு எதிரான பேச்சு என்று எவரும் திரித்துவிட வேண்டாம். இலத்தீன் எழுத்துச் சிங்களக் குடியானவனுக்கும் விளங்காது. யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு வரும் சிங்கள நோயாளிக்கும் தன் மொழியில் விளக்கம் பெறும் உரிமை உண்டு. நமக்குக் கேட்பதை அவர்களுக்கு மறுப்பது நீதியாகாது.

இந்நாட்டின் மருந்துக் கொள்கைக்கு வழிகாட்டியவர் ஒரு சிங்களப் பெருமகன் என்பதையும் நன்றியுடன் நினைவுகூர்கின்றேன். பேராசிரியர் சேனக்க பிபிலே, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவுடன் சேர்ந்து அளித்த அறிக்கையின் வழியே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. நூற்றுக்கணக்கான வணிகப் பெயர்களில் வந்த மருந்துகளைச் சுருக்கி, தேவையானவற்றை மட்டும், மருந்தின் உண்மைப் பெயரால், மலிவாக இறக்குவதே அவர் கொள்கை. அந்நியக் கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. அவர் 1977 இல் கயானாவில் காலமானார். மேற்சொன்ன பெரியவர் இரண்டு உறைகளிலும் மருந்தின் உண்மைப் பெயரைத் தமிழில் கண்டிருந்தால் ஒழுங்கையில் விழுந்திருப்பாரா? பிபிலே சொன்னதன் பொருள் அங்கேதான் விளங்குகின்றது. அவர் காட்டிய வழியில் நெடுங்காலத்துக்குப் பின், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. சட்டம் உண்டு, சபையும் உண்டு. அவற்றை வேலை வாங்குவது மக்களின் கையில் இருக்கின்றது.

2022 ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டின் கருவூலம் வறண்டபோது வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுகள் வெறுமையாயின. "வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு கொடுத்தார்கள். வாங்க இயன்றவர் வாங்கினார். இயலாதவர் ஒரு குளிசையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டார். மருந்தைக் குறைத்ததன் விலையை உடல் உடனே கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும் கேட்கும். ஆகவே நம் ஊர் வைத்தியசாலையில் இன்சுலினும் மெற்போர்மினும் எத்தனை மாதத்துக்கு உள்ளன, எத்தனை தடவை தீர்ந்துபோயின என்பதை அறிய நமக்கு உரிமை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் எழுதுங்கள். வேலை நாட்கள் பதினான்கினுள் தகவல் தருவதா இல்லையா என்று அலுவலர் தீர்மானிக்க வேண்டும். அக்கடிதத்தை வரைந்து தர நான் கட்டணம் கேட்க மாட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும் அரசு செய்யும்வரை காத்திருப்பது நம் மரபன்று. இன்றே செய்யக்கூடியவை உள. இவ் வாசிகசாலையின் இளைஞர்கள் ஓர் அட்டை தயாரிக்கட்டும். அதிலே நோயாளியின் பெயர், மருந்தின் உண்மைப் பெயர், அளவு, காலையா மாலையா, உணவுக்கு முன்னா பின்னா, சிறுநீரகப் பரிசோதனை செய்த திகதி, சீனி குறைந்தால் செய்ய வேண்டியது என்பவற்றைத் தமிழில் எழுதட்டும். எழுதியதைக் கிளினிக் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளட்டும். தாமாக எதையும் ஊகித்து எழுதலாகாது. எந்த வைத்தியரிடம் போனாலும், எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் அந்த அட்டையும் கிளினிக் கொப்பியும் கூடவே போக வேண்டும். ஒரு வேளை மருந்தை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாக உண்ணலாகாது. பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையை வாங்கி உண்ணலாகாது. சீனி குறைந்துவிட்டது என்று தாமாக நிறுத்தலாகாது. இந்த மூன்றையும் அட்டையின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் இடத்தில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார்: நோயாளி ஒன்று, தீர்க்கும் வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று, அருகிருந்து உதவுபவன் ஒன்று. முதல் மூன்றும் நம்மிடம் உண்டு. என்னிடம் வந்த வழக்கிலே இல்லாமற் போனது நான்காவதுதான். அந்தப் பெரியவரின் அருகில் நின்று உறையை வாசித்துச் சொல்ல ஒருவர் இருக்கவில்லை.

மகனிடம் நான் இறுதியாகச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லி அமர்கின்றேன். "தம்பி, வழக்குப் போட எதிராளி இல்லை. ஆனால் உமது தந்தையாரைப் போல இன்னும் எத்தனையோ பேர் நம் ஊரில் இருக்கின்றார்கள். வாரும், அவர்களுடைய உறைகளை நாம் இருவரும் வாசிப்போம்" என்றேன். அவர் வந்தார். இன்று இம்மண்டபத்தின் முன் வரிசையில், ஒரு கட்டு அட்டையோடு அவரும், அவருக்கு அருகே அவருடைய தந்தையாரும் அமர்ந்திருக்கின்றார்கள். கூட்டம் முடிந்ததும் அவரிடம் சென்று ஒவ்வோர் அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கின்றேன்.